நீரடிமுத்து எண்ணெய்: மாட்டுங்காவிலிருந்து தாராவி வரை ஒரு மருந்துச் சோதனையின் வரலாறு

தொழுநோயைக் கண்டறியும் முறைகளுள் மிக எளியது ஓர் ஊசியைக் கொண்டு செய்யப்படுவது. நோயாளி கண்களை மூடிக்கொள்கிறார். தோலில் வெளிறிய இடத்தை மருத்துவர் ஊசிமுனையால் மெல்லத் தொடுகிறார். வலிக்கிறதா என்ற கேள்விக்கு இல்லை என்ற விடை வந்தால் நோய் உறுதிப்படுகிறது. பிற நோய்களில் வலி குறைவதே மருந்தின் வெற்றி. இந்நோயிலோ இழந்த வலி திரும்பி வருவதும் குணத்தின் அடையாளங்களுள் ஒன்று. இத்தகைய நோய்க்கு ஒரு மூலிகை எண்ணெயைச் சோதிப்பது எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை, மும்பையின் மாட்டுங்காவையும் அதையொட்டிய பகுதிகளையும் மையமாகக் கொண்ட ஒரு நூற்றாண்டு வரலாறு காட்டுகிறது. தாவரச் சாறுகளை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கும் இன்றைய மாணவருக்கும் அதில் பாடம் உண்டு.

தமிழில் நீரடிமுத்து என்றும் மலையாளத்தில் மரோட்டி என்றும் மராத்தியில் கவட்டி என்றும் அழைக்கப்படும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில் ஓடைக்கரைகளை ஒட்டி வளர்வது. தாவரவியலார் இதனை ஹிட்னோகார்பஸ் பேரினத்தில் வைப்பர். பந்து போன்ற கெட்டியான காய்க்குள் கோணலான விதைகள் நெருங்கிக் கிடக்கும். அவற்றை உடைத்துப் பிழிந்தால் இளமஞ்சள் நிற எண்ணெய் கிடைக்கும். குளிர்ந்த காலநிலையில் அது உறைந்துவிடும். கேரளத்தில் இக்காயின் ஓட்டை விளக்காகப் பயன்படுத்தும் வழக்கம் உண்டு. சுசுருத சம்ஹிதை மேற்குக் கடற்கரையில் வளரும் துவரகம் என்ற மரத்தைக் குறிப்பிட்டு, அதன் எண்ணெயைக் குட்ட நோய்க்கு மருந்தாக விதிக்கிறது. அது இம்மரமே என்பது பெரும்பாலோர் கொள்ளும் கருத்து. சித்த மருத்துவத்திலும் நீரடிமுத்து தோல் நோய்களுக்கு உரிய சரக்கு; நீரடிமுத்து வல்லாதி என்ற மருந்து இன்றும் வழக்கில் உள்ளது.

இந்த எண்ணெயை நவீன மருத்துவம் பயின்ற ஓர் இந்தியர் நோயாளிகளிடம் சோதித்தது மும்பையில்தான். பாவு தாஜி லாட் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் தேறி 1851-இல் வெளிவந்த முதல் அணியைச் சேர்ந்தவர். நாணயவியல், கல்வெட்டு ஆய்வு, நகரப் பொதுவாழ்வு ஆகிய மூன்றிலும் பெயர் பெற்றவர். பைக்குலாவில் உள்ள அருங்காட்சியகம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1860-களில் அவர் தொழுநோயாளிகளுக்கு ஒரு தாவர மருந்தைக் கொடுத்துவந்தார். நோய் தணிந்ததாகச் செய்தி பரவியது. ஆனால் மருந்தின் பெயரை அவர் வெளியிடவில்லை. அவர் பயன்படுத்தியது கவட்டி விதையின் எண்ணெய் என்பது பின்னரே அறியப்பட்டது. 1874-இல் அவர் மறைந்தார்.

இந்த மறைப்பு அக்கால மருத்துவ உலகில் பெரும் விவாதத்தைக் கிளப்பியது. கிராண்ட் கல்லூரியின் பட்டதாரிகள் தங்களை வைத்தியர்களிடமிருந்தும் ஹக்கீம்களிடமிருந்தும் வேறுபடுத்திக்கொண்ட அடிப்படைகளுள் முதன்மையானது வெளிப்படைத்தன்மை. மருந்து எது, அளவு என்ன, யாருக்குப் பலித்தது, யாருக்குப் பலிக்கவில்லை என்பதை அச்சில் வைத்துப் பிறர் சரிபார்க்க விடுவதே அறிவியல் என்று அவர்கள் கற்றிருந்தனர். அக்கல்லூரியின் தலைசிறந்த மாணவருள் ஒருவரே அந்த நெறியிலிருந்து விலகியபோது, அவருடைய சோதனையின் பயனை யாராலும் மதிப்பிட இயலாமல் போயிற்று. எண்ணெய் உண்மையிலேயே பலித்திருந்தாலும் அந்தப் பலன் பொது அறிவாக மாறவில்லை. இவ்வரலாற்றின் முதல் இழப்பு இது.

வெளிப்படையாகச் சோதித்தவர்களுக்கும் வேறு வகையான குழப்பம் காத்திருந்தது. வங்காளத்தில் ஃபிரெடரிக் ஜான் மூவாட் 1854-இல் சால்மூக்ரா எண்ணெயைப் பற்றி எழுதி, அதை ஐரோப்பிய மருத்துவத்துக்கு அறிமுகம் செய்தார். அந்த எண்ணெய் கைனோகார்டியா ஒடோரட்டா என்ற மரத்தினது என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் நம்பப்பட்டது. உண்மையான சால்மூக்ரா வேறொரு மரத்தின் விதை என்பதை 1901-இல் டேவிட் பிரெய்ன் தெளிவுபடுத்தினார். அதுவரை கைனோகார்டியா எண்ணெயைக் கொடுத்துப் பலனில்லை என்று எழுதியவர்களும், சந்தையில் சால்மூக்ரா என்ற பெயரில் வந்ததைக் கொடுத்துப் பலன் கண்டதாக எழுதியவர்களும் ஒரே மருந்தைப் பற்றிப் பேசுவதாகவே எண்ணிக்கொண்டிருந்தனர். சரக்கை இனங்காணாமல் செய்யும் சோதனையில் முடிவுகளை ஒப்பிடவே வழியில்லை.

மூன்றாவது குழப்பம் அந்தமானில் நிகழ்ந்தது. போர்ட் பிளேரில் ஜோசப் டூகல் என்ற மருத்துவர் 1873-இல் அங்கிருந்த தண்டனைக் கைதிகளுள் தொழுநோய் கண்டவர்களிடம் குர்ஜன் எண்ணெயைச் சோதித்தார். எண்ணெயைச் சுண்ணாம்பு நீரில் குழைத்து உள்ளுக்குக் கொடுத்ததோடு, நாள்தோறும் காலையிலும் மாலையிலும் சுமார் இரண்டு மணி நேரம் உடலெங்கும் தேய்த்துக்கொள்ளவும் செய்தார். புண்கள் ஆறின, நோயாளிகள் தேறினர். அரசு மகிழ்ந்து அச்சிகிச்சையைச் சென்னை உள்ளிட்ட பல இடங்களுக்குப் பரிந்துரைத்தது. பிற இடங்களில் அதே வெற்றி கிட்டவில்லை. நாள்தோறும் நான்கு மணி நேரம் தேய்த்தும் கழுவியும் கவனிக்கப்பட்ட உடலில் எந்த எண்ணெயாலும் புண் ஆறியிருக்கலாம் அல்லவா? எண்ணெயின் பங்கு எவ்வளவு, தூய்மையின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிய ஒப்பீட்டுக் குழு தேவை. அப்படியொரு குழு அங்கு இல்லை. கைதிகள் மறுக்கும் நிலையில் இருந்தார்களா என்ற கேள்வியும் அன்று எழுப்பப்படவில்லை.

1873-ஆம் ஆண்டு வேறொரு காரணத்தாலும் முக்கியமானது. நார்வேயின் பெர்கன் நகரில் ஆர்மௌர் ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டார். அதே ஆண்டு, கிரே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்தவரும் மும்பையில் பணியாற்றியவருமான ஹென்றி வான்டைக் கார்ட்டர் நார்வேக்குச் சென்று அப்பணியை நேரில் பார்த்தார். தொழுநோய் பரம்பரையாக வருவது என்ற கருத்து தளர்ந்து, தொற்றுநோய் என்ற கருத்து மும்பைக்கு விரைவாக வந்து சேர்ந்தது அவர் வழியாகத்தான். ஆனால் கிருமியைக் கண்டுபிடித்ததால் மருந்துச் சோதனை எளிதாகிவிடவில்லை. தொழுநோய்க் கிருமியை ஆய்வுக்கூடத்தில் செயற்கை ஊடகத்தில் வளர்க்க முடியாது, இன்றுவரை முடியவில்லை. விலங்குகளிலும் அது எளிதில் பற்றவில்லை. ஒரு கிருமி இரண்டாகப் பிரிவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். ஆகவே மூலிகை எண்ணெய் ஒன்று அக்கிருமியைக் கொல்கிறதா என்று அறிய அன்றைக்கு ஒரே வழிதான் இருந்தது. அது மனித உடல்.

ஹான்சனே இந்த வழியில் தவறினார். நோய் தொற்றுவதை மெய்ப்பிக்க விரும்பி, ஒரு பெண் நோயாளியின் கண்ணில் அவருடைய ஒப்புதலின்றி நோய்ப்பொருளைச் செலுத்தினார். 1880-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனக் கண்டு மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியின் ஒப்புதல் என்ற கோட்பாடு சட்டமாவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு பெண்ணின் வழக்கு அதை நிலைநாட்டியிருக்கிறது. இந்தியாவின் விடுதிகளில் இருந்தவர்களுக்கு அத்தகைய வாய்ப்பு எளிதில் கிட்டக்கூடியதாக இல்லை.

1889-இல் ஹவாயின் மொலோக்காய் தீவில் தொழுநோயாளிகளுக்குப் பணிசெய்த தந்தை டேமியன் அதே நோயால் இறந்தார். அச்செய்தி பிரிட்டிஷ் பேரரசெங்கும் அச்சத்தை எழுப்பியது. 1890-91-இல் ஓர் ஆணைக்குழு இந்தியா முழுவதும் சுற்றி ஆராய்ந்து, தொற்றும் ஆபத்து மிகக் குறைவு என்ற முடிவுக்கு வந்தது. ஆனால் நகர்களின் அச்சம் அறிக்கைக்காகக் காத்திருக்கவில்லை. மும்பையின் நகராட்சி ஆணையர் ஹாரி ஆர்பத்னாட் அக்வொர்த் 1890-லேயே, நகருக்கு வெளியே இருந்த மாட்டுங்காவில் வீடற்ற தொழுநோயாளர் விடுதியைத் திறந்துவிட்டார். மராத்திய வீரக்கதைப் பாடல்களைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தவரும் இவரே. தெருக்களிலும் கோயில் வாசல்களிலும் இரந்து வாழ்ந்த நோயாளிகளை அப்புறப்படுத்துவது விடுதியின் நோக்கங்களுள் ஒன்று. அவர்களுக்கு உணவும் கூரையும் சிகிச்சையும் தருவது மற்றொன்று. தொடக்க ஆண்டுகளில் அதன் மருத்துவப் பொறுப்பை ஏற்றிருந்த என். எச். சோக்ஸி 1890 முதல் 1897 வரையிலான விடுதியின் அனுபவத்தை விரிவான அறிக்கையாகத் தொகுத்தார். இன்று வடாலாவில் மாநகராட்சியின் கீழ் இயங்கும் அக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை அந்த விடுதியின் தொடர்ச்சி.

1898-இல் தொழுநோயாளர் சட்டம் வந்தது. வறிய நோயாளியைக் கைதுசெய்து விடுதியில் அடைக்க அது வழிசெய்தது. சில தொழில்களை நோயாளிகள் செய்வதையும் தடுத்தது. வசதியுள்ளவர் வீட்டிலேயே இருக்கலாம். ஏழைக்கு மட்டுமே அடைப்பு. மருந்தின் விளைவை அறியப் பல ஆண்டுகள் நோயாளியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்பதால், ஓரிடத்தில் நிலையாக இருந்தவர்களே சோதனைக்கு ஏற்றவர்கள் ஆயினர். அவ்வாறு நிலையாக இருந்தவர்கள் வெளியேற வழியற்ற ஏழைகள். மருந்துச் சோதனையும் வறுமையும் சட்டமும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

இதற்கிடையில் எண்ணெயின் வடிவம் மாறிக்கொண்டிருந்தது. உள்ளுக்குச் சாப்பிட்டால் கடுமையாகக் குமட்டும். போதிய அளவில் நெடுநாள் சாப்பிட முடிந்தவர் மிகச் சிலரே. லண்டனில் ஃபிரெடரிக் பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1904-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவ்வெண்ணெய்களின் வேதியலை ஆராய்ந்தனர். சாதாரணக் கொழுப்பு அமிலங்களில் இல்லாத ஐங்கோண வளையம் ஒன்றைக் கொண்ட சால்மூக்ரிக் அமிலமும் ஹிட்னோகார்பிக் அமிலமும் அவற்றில் இருப்பது தெரிந்தது. ஹவாயில் ஆலிஸ் பால் என்ற இளம் கறுப்பின வேதியலாளர் 1915-ஐ ஒட்டி, அந்த அமிலங்களை எத்தில் எஸ்டர்களாக மாற்றி ஊசிவழி செலுத்தத்தக்க நீர்ம மருந்தாக ஆக்கினார். 1916-இல் தம் 24-ஆம் வயதில் அவர் இறந்தார். அவருடைய முறையைப் பல்கலைக்கழகத் தலைவர் ஆர்தர் டீன் தம் பெயரில் வெளியிட்டார். பால் செய்த பணி என்பதை 1922-இல் ஹோல்மன் என்ற மருத்துவர் பதிவு செய்தும், அவர் பெயர் பரவலாக அறியப்படப் பல பத்தாண்டுகள் ஆயின. பாவு தாஜி தாமே தம் மருந்தின் பெயரை மறைத்தார். ஆலிஸ் பாலின் பெயரையோ பிறர் மறைத்தனர்.

கல்கத்தாவில் லியனார்ட் ராஜர்ஸ் எண்ணெயின் சோடிய உப்புகளை ஊசிவழி செலுத்திப் பார்த்தார். நரம்புநாளத்தில் செலுத்தினால் அந்நாளமே அழற்சியுற்று அடைபட்டது. அவருக்குப்பின் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் எர்னஸ்ட் மியூர் இப்பணியை விரித்தார். எஸ்டர்களோடு கிரியோசோட்டு, கற்பூரம், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்த கலவை அவருடையது. தொலைதூரத்துச் சால்மூக்ராவைவிட, தென்னிந்தியாவின் மேற்குக் கரையில் புதிதாகவும் மலிவாகவும் கிடைத்த நீரடிமுத்து எண்ணெயே மேலானது என்ற முடிவும் அக்காலத்தில் உறுதியாயிற்று. பழைய, கெட்டுப்போன எண்ணெய் தசையைப் புண்ணாக்கும். புதிதாகப் பிழிந்த தூய எண்ணெய் அவ்வளவு எரிச்சல் தராது. சுசுருதர் குறித்த மேற்குக் கடற்கரை மரத்திடமே இருபதாம் நூற்றாண்டு ஆய்வும் வந்து நின்றது.

இந்த ஊசிகள் எளிதானவை அல்ல. வாரத்துக்கு இரு முறையேனும், மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் போடப்பட்டன. தோலில் படைபடையாகச் சிறு சிறு ஊசிகளாகச் செலுத்துவதும் உண்டு. வீக்கமும் சீழ்க்கட்டியும் அடிக்கடி ஏற்பட்டன. வலியைக் குறைக்க அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் பென்சோகேய்ன் என்ற மரப்பு மருந்தை எண்ணெயில் கலந்தனர். வலியுணர்வை இழக்கச் செய்யும் நோய்க்கு வலி மிகுந்த மருந்து; அந்த வலியைத் தணிக்க மற்றொரு மருந்து. நோய் தொடாத தோலில் நோயாளி முழு வலியையும் உணர்ந்தார் என்பதை மறக்கலாகாது.

இவ்வளவு துன்பத்துக்கு ஈடாகப் பலன் இருந்ததா? மருத்துவர்களிடம் இருந்த அளவுகோல்கள் சில: படைகள் மங்குகின்றனவா, தோலிலிருந்து எடுத்த பூச்சில் கிருமிகள் குறைகின்றனவா, ஊசிமுனையும் பஞ்சும் வெந்நீர்க் குழாயும் தண்ணீர்க் குழாயும் தொட்டால் உணர்வு திரும்புகிறதா என்பவை. தொடக்க நிலையில் வந்தவர்களுள் பலருக்கு முன்னேற்றம் தெரிந்தது. முற்றிய நிலையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் பயன் குறைவு. ஆனால் தொடக்க நிலைத் தொழுநோயில் ஒரு வகை மருந்தின்றியே தானாக ஆறிவிடக்கூடியது. விடுதியில் கிடைத்த உணவும் ஓய்வும் உடலைத் தேற்றக்கூடியவை. இவற்றுள் எது எண்ணெயின் பயன் என்று பிரிக்க, எண்ணெய் பெறாத ஒத்த குழுவோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். சீட்டுப்போட்டுப் பிரித்த குழுக்களை ஒப்பிடும் முறை மருத்துவத்தில் வேரூன்றியது 1948-இல் பிரிட்டனில் நடந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வுக்குப் பின்னர்தான். அதற்குள் நீரடிமுத்தின் காலம் முடிந்துகொண்டிருந்தது.

எனினும் எண்ணெயால் விளைந்த ஒரு மாற்றம் ஐயத்துக்கு இடமில்லாதது. சிகிச்சை உண்டு என்ற நம்பிக்கை, மறைந்திருந்த நோயாளிகளை வெளியே வரச் செய்தது. அடைத்துவைப்பார்கள் என்றால் ஓடி ஒளிபவர், ஊசி போடுவார்கள் என்றால் தாமே வருவார். தொடக்கத்திலேயே வந்தால் பலன் மிகுதி என்பதால், விடுதிகளைவிடப் புறநோயாளர் மருந்தகங்களே பயன்மிக்கவை என்று மியூர் போன்றோர் வாதிட்டனர். அரைகுறைப் பலனுடைய எண்ணெய் ஒன்று, நோயாளியைக் குற்றவாளியாக நடத்திய கொள்கையில் முதல் விரிசலை ஏற்படுத்தியது.

1941-இல் கார்வில்லில் கை ஃபேஜெட் புரோமின் என்ற சல்போன் மருந்தைத் தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தார். அதன் தாய்ச்சேர்மமான டாப்சோன் 1908-லேயே ஜெர்மனியில் உருவாக்கப்பட்டு, பயனறியாமல் கிடந்தது. அதை இந்தியாவில் தொழுநோய்க்குப் பயன்படுத்திக் காட்டியவர் செங்கல்பட்டுத் திருமணியில் லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றிய ராபர்ட் காக்ரேன், ஆண்டு 1946. முதலில் ஊசியாகவும் பின்னர் மிக மலிவான மாத்திரையாகவும் டாப்சோன் பரவியது. 1950-களின் தொடக்கத்தில் நீரடிமுத்து எண்ணெய் ஏறக்குறைய எங்கும் கைவிடப்பட்டது. ஏறத்தாழ நூறாண்டு காலம் மனிதரிடம் சோதிக்கப்பட்ட ஒரு மருந்து, பலித்ததா இல்லையா என்ற தீர்ப்பு இல்லாமலே விடைபெற்றது.

தீர்ப்பு பின்னர் வந்தது. 1960-இல் சார்லஸ் ஷெப்பர்டு, சுண்டெலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமியை ஓரளவு பெருக்க முடியும் என்று காட்டினார். அதன்பின்னரே மருந்துகளை மனிதருக்கு முன் விலங்கில் சோதிக்கும் வழி பிறந்தது. 1973-இல் ஜேக்கப்சனும் லெவியும், ஹிட்னோகார்பிக் அமிலம் மைக்கோபாக்டீரியாக்களின் பெருக்கத்தைத் தடுப்பதையும், பயோட்டின் என்ற உயிர்ச்சத்தின் செயலோடு அது குறுக்கிடுவதையும் விளக்கினர். 1975-இல் லெவி, சால்மூக்ரா அமிலங்கள் சுண்டெலியின் பாதத்தில் தொழுநோய்க் கிருமிக்கு எதிராகச் செயல்படுவதை வெளியிட்டார். அதாவது பாவு தாஜியின் நோயாளிகளும் விடுதிகளின் நோயாளிகளும் பெற்றது வெறும் நம்பிக்கை மட்டுமன்று. எண்ணெயில் உண்மையான செயற்பொருள் இருந்தது. ஆனால் டாப்சோன் அதைவிடப் பன்மடங்கு எளிதானதும் உறுதியானதும் ஆகும். மரபுமருத்துவம் முழுவதும் மெய் என்பவருக்கும் முழுவதும் பொய் என்பவருக்கும் இம்முடிவு ஆறுதல் தராது.

எண்ணெய் விடைபெற்ற காலத்தில்தான் வலியைப் பற்றிய புதிய அறிவும் தமிழ்நாட்டில் பிறந்தது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய பால் பிராண்ட், நோயாளிகளின் விரல்கள் ஏன் குறைகின்றன என்று ஆராய்ந்தார். நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்பது பொதுநம்பிக்கை. வலி தெரியாததால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பதும், முள் தைத்த காலோடு நடப்பதும், சிறுபுண்ணைக் கவனியாமல் விடுவதுமே பெருங்காரணம் என்று அவர் காட்டினார். கிருமியைக் கொல்லும் மருந்து மட்டும் போதாது. செருப்பும் கையுறையும் நாள்தோறும் கைகால்களைப் பார்த்துக்கொள்ளும் பழக்கமும் சிகிச்சையின் பகுதிகள் ஆயின. வலி என்பது ஒழிக்கவேண்டிய பகை மட்டுமன்று, உடலின் காவலும் ஆகும் என்பதை வலிநீக்கிகளைச் சோதிப்போர் தொழுநோயாளரிடமிருந்தே கற்கலாம்.

டாப்சோனுக்கும் எல்லை உண்டு. அதை எதிர்த்து நிற்கும் கிருமிகள் இருப்பது 1964-இல் உறுதியாயிற்று. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் பலமருந்துக் கூட்டுச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. அதன் மூன்று மருந்துகளின் தோற்றமும் கவனிக்கத்தக்கது. டாப்சோன் வேதியலாளரின் படைப்பு. ரிஃபாம்பிசின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியின் பொருளிலிருந்து பிறந்தது. கிளோஃபசிமின், டப்ளினில் வின்சென்ட் பாரியின் குழு பாறைப்பாசி ஒன்றின் பொருளை ஆராயத் தொடங்கிய பாதையின் முடிவில் 1950-களில் உருவானது. இயற்கைப் பொருள் அப்படியே மருந்தாவது அரிது. ஆய்வுக்குத் தொடக்கம் தருவதே மிகுதி.

இந்தக் கூட்டுச் சிகிச்சையின் கடும் சோதனைக்களங்களுள் ஒன்று மாட்டுங்காவை அடுத்துள்ள தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடவும் பிற தொழில்களுக்கும் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் இடம் அது. 1976-இல் மருத்துவர் ஆர். கணபதி தொடங்கிய பாம்பே லெப்ரசி ப்ராஜக்ட் தாராவி போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் வீடுவீடாக நோயாளிகளைக் கண்டறிந்து, அவர்கள் வாழும் இடத்திலேயே சிகிச்சை தரும் முறையை வளர்த்தது. காசநோயை வீட்டிலிருந்தே குணப்படுத்த முடியும் என்று சென்னையின் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1959-இல் சீரான ஒப்பீட்டு ஆய்வால் நிறுவியிருந்தது. அதே தெளிவு தொழுநோய்க்கும் வந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எந்த ஏழைகளை நகரிலிருந்து அகற்றி அடைக்க விடுதி எழுப்பப்பட்டதோ, அவர்களைப் போன்ற ஏழைகள் இப்போது தத்தம் வீட்டில், தத்தம் வேலையில் இருந்தபடி குணமடைந்தனர். 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016-இல்தான் மைய அரசின் சட்டத்தொகுதியிலிருந்து நீக்கப்பட்டது. மருந்து மாறும் வேகத்தில் சட்டம் மாறுவதில்லை.

நீரடிமுத்தின் கதை அத்துடன் முடியவில்லை. குளித்தலையில் பிறந்த வேதியலாளர் தி. ஆர். சேஷாத்ரியும் ரங்கநாதனும் 1973-இல் அதன் விதையிலிருந்து ஹிட்னோகார்பின் என்ற புதிய சேர்மத்தைப் பிரித்தனர். ஃபிளேவோன்களின் குடும்பத்தைச் சார்ந்தது அது. ஃபிளேவோன்களைத் தொகுக்கும் முறையொன்றால் உலகப் பெயர் பெற்றவர் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன். அவர் இயக்குநராக இருந்த பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித்தொழில்நுட்பத் துறை 1943 முதல் மாட்டுங்காவிலேயே இயங்கியது. 1991-இல் ஷர்மாவும் ஹாலும் நீரடிமுத்து விதையின் இவ்வகைச் சேர்மங்கள் அழற்சியைத் தணிப்பதை ஆய்வக விலங்குகளில் காட்டினர். தொழுநோய்க்கு எனத் தேடப்பட்ட விதை, இன்று அழற்சிக்கும் வலிக்கும் உரிய ஆய்வுப்பொருளாக மாறியிருக்கிறது.

இன்று ஒரு மூலிகைச் சாற்றை வலிநீக்கியாகச் சோதிப்பவர் சுண்டெலியைச் சூடான தகட்டில் நிறுத்தி அது காலை நக்கும் வரையான நொடிகளை எண்ணுகிறார். அசெட்டிக் அமிலம் செலுத்திய எலி எத்தனை முறை உடலை நெளிக்கிறது என்று பார்க்கிறார். காராஜீனன் செலுத்திய பாதத்தின் வீக்கத்தை அளக்கிறார். சாறு பெறாத குழுவும், முன்பே மெய்ப்பிக்கப்பட்ட மருந்தைப் பெற்ற குழுவும் அருகிலேயே இருக்கும். விலங்குச் சோதனைக்கும் மனிதச் சோதனைக்கும் நெறிக்குழுவின் இசைவு வேண்டும். தாவர மாதிரி உலர்தாவரத் தொகுப்பில் எண்ணிட்டு வைக்கப்படும். மாணவருக்கு இவை அலுப்பூட்டும் சடங்குகளாகத் தோன்றலாம். ஒவ்வொன்றின் பின்னும் இவ்வரலாற்றின் ஓர் இழப்பு இருக்கிறது. தாவர மாதிரியின் எண், கைனோகார்டியாவைச் சால்மூக்ராவாக எண்ணிய அரை நூற்றாண்டின் விலை. ஒப்பீட்டுக் குழு, போர்ட் பிளேரின் நான்கு மணி நேரத் தேய்ப்பின் விலை. முறையை வெளியிடும் கடமை, பாவு தாஜியின் மௌனத்தின் விலை. ஒப்புதல் படிவம், விடுதிச் சுவர்களுக்குள் இருந்தவர்கள் செலுத்திய விலை.

அக்வொர்த் மருத்துவமனை வளாகத்தில் தொழுநோய் வரலாற்றுக்கென ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆய்வாளர்களின் பெயர்கள் நூல்களில் நிலைத்துவிட்டன. எண்ணெயைக் குடித்துக் குமட்டியவர்கள், சீழ்க்கட்டியைத் தாங்கியவர்கள், கண்ணை மூடிக்கொண்டு ஊசிமுனை பட்டதா இல்லையா என்று சொன்னவர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்த ஆய்வுக்கட்டுரையிலும் இல்லை. அவர்கள் அளித்த விடைகளின்மேல்தான் அந்த ஆய்வுகள் அனைத்தும் கட்டப்பட்டன.